ஏரி நாட்டில் முதல் கூதிர்

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், வல்லம், ஒரகடம் எனச் சென்னைக்கு மேற்கிலும் தென்மேற்கிலும் விரிந்து கிடக்கும் தொழிற்பேட்டை வட்டாரத்துக்குப் புதிதாகக் குடிவருகிறவருக்கு, அங்கே வாய்க்கும் முதல் குளிர்காலம் மழையாகவே வந்து சேர்கிறது. அக்டோபர் பாதியில் தொடங்கி டிசம்பர் முடிய நீளும் அந்த நாட்களில், பீகாரில் ரஜாயும் கொரியாவில் கம்பளிச் சட்டையும் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கப்படும் அதே வேளையில், இந்த நிலம் தன் ஆண்டு நீரின் பெரும்பங்கைப் பெற்றுக்கொள்கிறது. உழவராக வந்தவரும் அதிகாரியாக வந்தவரும் ஆலைத் தொழிலாளராக வந்தவரும் தத்தம் முதல் ஐப்பசி, கார்த்திகையில்தான் இந்நிலத்தின் இயல்பை அறிந்தனர் என்பதையும், அதை அறிந்துகொள்ள ஊர் அவர்களுக்கு வழி செய்ததா இல்லையா என்பதைப் பொறுத்தே அந்த முதல் பருவம் எளிதாகவோ கொடிதாகவோ கழிந்தது என்பதையும் இவ்வட்டாரத்தின் வரலாறு காட்டுகிறது.

தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். ஆவணியும் புரட்டாசியும் கார்; ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்; மார்கழியும் தையும் முன்பனி; மாசியும் பங்குனியும் பின்பனி; அடுத்து வரும் நான்கு மாதங்கள் இளவேனிலும் முதுவேனிலும். இவற்றுள் கூதிர் என்பது மழையும் வடகாற்றும் ஒன்றுசேர்ந்து உடம்பை ஒடுங்கவைக்கும் பொழுது. தெற்கிலிருந்து வருவது தென்றல், மேற்கிலிருந்து வருவது கோடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல் எனக் காற்றுக்குத் திசைதோறும் பெயரிட்ட மொழி, வடக்கிலிருந்து வரும் காற்றுக்கு வாடை என்று பெயர் வைத்தது. பத்துப்பாட்டுள் ஒன்றான நெடுநல்வாடை அந்தக் காற்றின் பெயரையே தன் பெயராகக் கொண்டது. குளிரும் மழையும் தனித்தனிப் பருவங்களாக இருக்கும் நாடுகளிலிருந்து வருகிறவருக்கு, இரண்டும் ஒரே பொழுதாக அமையும் கூதிருக்கு இணையான சொல் தம் மொழியில் எளிதில் கிடைப்பதில்லை. சொல் இல்லாத இடத்தில் முன்னேற்பாடும் இல்லாமல் போவது இயல்பு.

குளிரும் மழையும் இங்கே ஒரே பொழுதில் வருவதன் காரணம் எளிதாக விளக்கத்தக்கது. ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தியாவின் பெரும்பகுதியை நனைக்கும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதித் தன் நீரை அங்கேயே கொட்டிவிடுவதால், மலைக்குக் கிழக்கே உள்ள தமிழகச் சமவெளிக்கு அக்காலத்தில் மாலைநேர இடிமழையே பெரும்பாலும் மிஞ்சுகிறது. அக்டோபரில் அக்காற்று பின்வாங்கியதும், வடகிழக்கிலிருந்து புறப்படும் காற்று வங்கக் கடலைக் கடந்து வரும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு கிழக்குக் கரையை அடைகிறது. கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வுகளும் புயல்களும் அதே காலத்தில்தான் இக்கரையை நாடி வருகின்றன. தமிழ்நாட்டின் ஆண்டுச் சராசரி மழையான சுமார் 92 சென்டிமீட்டரில் ஏறத்தாழப் பாதி இந்த மூன்று மாதங்களில் பெய்கிறது. ஆண்டுக்கு 140 சென்டிமீட்டர் அளவில் மழை பெறும் சென்னையை ஒட்டிய பகுதியிலோ அதன் பங்கு ஐந்தில் மூன்றாக உயர்கிறது. அதுவும் நாள்தோறும் சீராகப் பெய்வதில்லை. பத்து நாள் வெயிலடித்துவிட்டு, ஒரே இரவில் ஒரு மாத மழையைக் கொட்டித் தீர்ப்பதே இப்பருவத்தின் குணம். ஐப்பசிக்கு அடைமழை என்று பெயர் கட்டிய மக்கள், கார்த்திகைக்குப் பின் மழையில்லை என்றும் பழமொழி வைத்திருப்பது, பிடிக்கத் தவறிய நீர் அடுத்த ஐப்பசி வரை திரும்பாது என்பதை அறிந்தே.

அந்த அறிவின் கட்டுமானமே ஏரி. தொண்டைமண்டலம் என்று பழங்காலத்தில் வழங்கிய இந்நிலப்பரப்பில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. பாலாறு பெரும்பாலான மாதங்களில் மணலாகவே கிடப்பது. ஆகவே சரிந்து செல்லும் தரையின் குறுக்கே பிறை வடிவில் மண் கரையை எழுப்பி, மேட்டிலிருந்து வடியும் மழைநீரைத் தேக்கும் முறை இங்கே வேரூன்றியது. ஏரிக்கு நீர் கொண்டுவருவது வரத்துக்கால். வயலுக்கு நீர் திறந்துவிடும் கதவு மதகு. கரையின் அடியிலிருந்து நீரை வெளியேற்றும் குழாய் போன்ற அமைப்பு தூம்பு. கரையைவிடச் சற்றுத் தாழ்வாகக் கல்லால் கட்டப்பட்டு, கொள்ளளவுக்கு மிஞ்சிய நீரைத் தானாகவே வழியவிடும் இடம் கலங்கல். ஒரு கலங்கலில் வழிந்த நீர் கீழேயுள்ள அடுத்த ஏரிக்கு வரத்தாகிறது. இவ்வாறு ஏரிகள் சங்கிலியாகக் கோக்கப்பட்டிருந்தன. இன்றும் காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் நீர்வளத் துறையின் பொறுப்பில் மட்டும் 909 ஏரிகள் உள்ளன. ஊராட்சிகளின் சிற்றேரிகளும், தாங்கல் எனப்படும் சிறு நீர்த்தேக்கங்களும் இவற்றுக்கு வெளியே. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் மிகைநீர் செம்பரம்பாக்கத்தைச் சேர்கிறது. செம்பரம்பாக்கத்தின் மிகைநீர் திருநீர்மலைக்கு அருகில் அடையாற்றில் கலந்து கடலை அடைகிறது. இன்றைய தொழிற்சாலைகள் நிற்பது இந்தச் சங்கிலியின் கண்ணிகளுக்கு இடையில்தான்.

குடியேற்றம் இந்நிலத்துக்குப் புதிதன்று. ஆதொண்டச் சக்கரவர்த்தி குறும்பரை வென்று, இருபத்துநான்கு கோட்டங்களாகப் பிரிந்திருந்த நாட்டில் வேளாளரைக் கொண்டுவந்து அமர்த்தினான் என்பது தொண்டைமண்டலத்தின் பழைய வழிவழிக் கதை. அதில் வரலாறு எவ்வளவு, புனைவு எவ்வளவு என்று பிரிப்பது கடினம் எனினும், வெளியிலிருந்து வந்து காடு திருத்தியவர்களின் நிலம் என்னும் நினைவை அது காத்து வைத்திருக்கிறது. விஜயநகர ஆட்சிக் காலத்தில் தெலுங்கு பேசும் குடிகள் பலவும் இங்கே வந்து நிலைத்தன. வந்தவர் அனைவரும் முதலில் கற்றது ஏரியின் கணக்கையே. செங்கல்பட்டுப் பகுதியின் நெற்போகங்களான சொர்ணவாரி, சம்பா, நவரை என்னும் மூன்றில், சம்பா கூதிர் மழையில் வளர்ந்து தையில் அறுவடையாவது. நவரை அம்மழை நிறைத்த ஏரியின் நீரைக் கொண்டு மார்கழிக்குப் பின் வளர்வது. ஐப்பசி தவறினால் இரண்டு போகமும் தவறும்.

ஏரியை யார் கவனிப்பது என்னும் கேள்விக்கு இவ்வட்டாரத்தின் மிகப் புகழ்பெற்ற விடை உத்திரமேரூரில் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், குடத்தில் இட்ட பெயரோலைகளிலிருந்து எடுக்கும் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்படும் வாரியங்களைப் பற்றிப் பேசுகின்றன. வாரியம் என்பது ஊர்ச்சபையின் செயற்குழு. சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம் ஆகியவற்றோடு ஏரிக்கென்றே ஏரி வாரியம் ஒன்றும் அங்கே இயங்கியது. குடவோலையைப் பாடநூல்களும் மேடைகளும் ஓயாது போற்றுகின்றன. ஏரிக்கு ஒரு தனிக் குழு தேவைப்பட்டது என்பது அதே அளவு போற்றத்தக்கது. ஆனால் அந்த வாரியத்தில் இடம்பெறக் கல்வெட்டு விதித்த தகுதிகளுள், வரி செலுத்தும் நிலம் உடைமையும் தன் சொந்த மனையில் வீடு கட்டி வாழ்வதும் அடங்கும். நேற்று வந்தவருக்கும் பிறர் மனையில் இருப்பவருக்கும் அதில் இடமில்லை. நிலத்தில் வேர் உள்ளவனே ஏரியை அறிவான் என்பது அந்த விதிக்குப் பின்னிருந்த எண்ணமாகலாம். பின்னாளில் செங்கல்பட்டுப் பகுதியின் நிலவுரிமைச் சொற்களிலும் இதே வேறுபாடு நிலைத்தது: பரம்பரை உரிமை பெற்றவர் மிராசுதார், ஊரிலேயே தங்கிப் பயிரிடும் குத்தகையாளர் உள்குடி, வேற்றூரிலிருந்து வந்து பயிரிட்டுப் போகிறவர் புறக்குடி. இன்று ஒரகடத்தில் வாடகை அறையில் தங்கி ஆலைக்குப் போகும் இளைஞரைக் குறிக்கவும் புறக்குடி என்னும் அப்பழஞ்சொல்லே பொருந்துகிறது.

நூற்றாண்டுகளாகச் சேர்ந்த இந்த அறிவு எவ்வளவு நொய்தானது என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டு காட்டியது. ஆர்க்காட்டு நவாபிடமிருந்து 1763இல் கிழக்கிந்தியக் கும்பினிக்குக் கிடைத்த நிலப்பகுதி ஜாகீர் எனப்பட்டது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரங்கள் அதில் அடங்கும். தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர் 1767 முதல் 1774 வரை ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை அளந்து, நிலம், வீடு, நீர்நிலை ஆகியவற்றோடு, ஏரிப் பராமரிப்பு உள்ளிட்ட ஊர்ப்பணிகளுக்கு விளைச்சலில் ஒதுக்கப்பட்ட பங்குகளையும் பதிந்தார். அடுத்த சில ஆண்டுகளில், 1780இல், ஐதர் அலியின் படையெடுப்பு இப்பகுதியைச் சூறையாடியது. அவ்வாண்டு செப்டம்பரில் காஞ்சிக்கு அருகே புள்ளலூரில் கும்பினிப் படை தோற்றது. ஊர்கள் கலைந்தன. ஆள் இல்லாத ஊரில் கரை காக்கப்படாது. காக்கப்படாத கரை அடுத்த பெருமழையில் உடையும். உடைந்த ஏரியின் ஊருக்கு மக்கள் திரும்ப மாட்டார்கள். இந்தச் சுழலை நிறுத்தும் பணி, 1794 முதல் 1798 வரை ஜாகீரின் ஆட்சியராக இருந்த லயோனல் பிளேஸிடம் வந்தது.

பிளேஸ் இந்நிலத்துக்கு முற்றிலும் வெளியாள். அவரை மதுராந்தகம் ஏரியோடு சேர்த்து இன்றும் மக்கள் சொல்லும் கதை, புதிதாக வந்த ஒருவர் கூதிரைச் சந்தித்த கதையாகவே வாசிக்கத்தக்கது. ஆண்டுதோறும் உடைந்துகொண்டிருந்த அக்கரையைச் செப்பனிட்ட ஆட்சியர், மழை வலுத்த ஓர் இரவில் அது தாங்குமோ என்ற அச்சத்தோடு பார்க்கப் போனதாகவும், மின்னல் வெளிச்சத்தில் வில்லேந்திய இருவர் கரைமேல் காவல் நிற்கக் கண்டதாகவும், மறுநாள் கரை உடையாமல் இருந்ததைக் கண்டு, தாம் வாக்களித்தபடி அங்குள்ள இராமர் கோயிலில் தாயார் சன்னிதியைக் கட்டிக்கொடுத்ததாகவும் அக்கதை கூறும். கோயிலின் இறைவன் பெயர் ஏரி காத்த இராமர். ஆட்சியரின் பெயரைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு அங்கே இன்றும் உள்ளது. கரைமேல் நின்றவர் யார் என்பதை நம்பிக்கைக்கு விட்டுவிடலாம். ஊர் அந்த ஆட்சியரைத் தன் கதைக்குள் சேர்த்துக்கொண்டது என்பது ஐயமற்றது. வந்தவரும் ஊரும் ஒரே கரையின்மேல் நின்று ஒரே மழைக்கு அஞ்சிய இரவு அது. அவ்வகையில் இவ்வட்டாரத்தின் வரலாற்றில் அதற்கு இணையான காட்சி வேறில்லை.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த குடியேற்றம் வேறு வகையானது. தமிழ்நாடு அரசு 1971இல் தொடங்கிய சிப்காட் நிறுவனம், அதாவது ஆலைகளுக்கு நிலம் எடுத்துச் சாலையும் நீரும் மின்சாரமும் அமைத்துக் கொடுக்கும் பொதுத்துறை அமைப்பு, 1990களில் இவ்வட்டாரத்தில் தொழிற்பூங்காக்களை அமைத்தது. 1996இல் இந்தியாவில் பதிவான ஹூண்டாய் நிறுவனத்தின் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து 1998 செப்டம்பரில் சான்ட்ரோ கார் வெளிவந்தது. கண்ணாடி, கைப்பேசி, தொலைக்காட்சி ஆலைகள் அதைத் தொடர்ந்தன. 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை பல்லாயிரம் இளம்பெண்களுக்கு முதல் வேலையைக் கொடுத்து, 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிசான் கார் ஆலையும் 2012இல் டெய்ம்லர் லாரி ஆலையும் திறக்கப்பட்டன. சியோலிலிருந்தும் யோகோஹாமாவிலிருந்தும் மேலாளர்களும் பொறியாளர்களும், திருவண்ணாமலை, விழுப்புரம், திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து ஐடிஐ, டிப்ளமோ முடித்த இளைஞர்களும், பின்னர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களும் வந்து சேர்ந்தனர்.

இவர்கள் ஒவ்வொருவரும் தம்மோடு ஒரு பருவக் கணக்கையும் கொண்டுவந்தனர். கொரியரின் வீடு உறைநிலைக்குக் கீழே போகும் குளிருக்காகக் கட்டப்பட்டது. தரைக்கு அடியிலிருந்து வெப்பமூட்டும் ஒண்டோல் என்னும் அமைப்பு அதன் அடையாளம். குளிர்காலம் முழுமைக்கும் வேண்டிய கிம்ச்சியைக் குடும்பமும் அண்டை வீட்டாரும் கூடி ஊறவைக்கும் கிம்ஜாங் என்னும் வழக்கம் நவம்பர், டிசம்பரில் நடப்பது. 2013இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் அது இடம்பெற்றது. அதே வாரங்களில் ஸ்ரீபெரும்புதூரில் முட்டைக்கோஸ் அழுகாமல் காப்பதே பெரும்பாடு. பீகாரியின் கணக்கில் மழை என்பது சாவன், பாதோ மாதங்களோடு முடிந்துபோன ஒன்று. கார்த்திக மாதத்தில் தெளிந்த வானத்தின் கீழ் நீர்நிலையில் நின்று சூரியனுக்கு அர்க்கியம் கொடுக்கும் சட் பூஜை வரும். அதன்பின் அடர்ந்த மூடுபனியும், தெருமுனையில் விறகு மூட்டிக் குளிர் காயும் அலாவும் வரும். ஒரகடத்தில் அதே சட் பூஜை நாள் வடகிழக்குப் பருவமழைக்குள் விழுகிறது. சூரியனைக் காண்பதே அரிதாகும் ஆண்டுகள் உண்டு. அசாமியர் வெள்ளத்தை அறிந்தவர், ஆனால் அவருடைய வெள்ளம் பிரம்மபுத்திராவில் ஜூன், ஜூலையில் எழுவது. ஒடியா மக்களுக்கு மட்டும் இப்பருவம் முழு அந்நியமன்று. 1999 அக்டோபர் 29 அன்று ஒடிசாக் கரையைத் தாக்கிய பெரும்புயலை அவர்கள் மறந்ததில்லை. மேலும் கார்த்திகைப் பௌர்ணமியன்று வாழைப்பட்டையாலும் தாளாலும் செய்த சிறு படகுகளை நீரில் மிதக்கவிடும் அவர்களது போய்த்த வந்தனம், பழங்காலக் கடல் வணிகர் இந்தப் பருவத்தின் காற்றை நம்பிக் கீழைத் தீவுகளுக்குப் பாய் விரித்ததன் நினைவு. தமிழர் வாடை என்று அஞ்சிய காற்றையே ஒடியர் வழியனுப்பிக் கொண்டாடினர்.

முதல் கூதிரின் துன்பம் பெரும்பாலும் மிகச் சிறிய பொருள்களில்தான் தொடங்குகிறது. ஆறேழு பேர் தங்கும் அறையில், சுவரிலிருந்து சுவருக்குக் கட்டிய கயிற்றில் ஆலைச் சீருடைகள் மூன்று நாளாகியும் காயாமல் தொங்குகின்றன. மின்விசிறிக்கு நேர்கீழே உள்ள இடம் அடுத்த ஷிப்டுக்குப் போகிறவரின் சட்டைக்கென்று ஒதுக்கப்படுகிறது. பாதுகாப்புக் காலணிக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து ஈரம் வாங்கவைக்கிறார்கள். அடையாள அட்டையும் கைப்பேசியும் ஒரே பாலித்தீன் உறைக்குள் போகின்றன. அதிகாலை ஷிப்டுக்கான கம்பெனி பேருந்து நிற்கும் இடத்தில் சாலையும் கால்வாயும் ஒரே நீர்ப்பரப்பாகக் கிடக்க, எது எதுவெனத் தெரிந்தவர் உள்ளூர்க்காரர் மட்டுமே. அதே நாளில், கலங்கல் பாய்கிறது என்ற செய்தி கேட்டு வலையோடும் கூடையோடும் ஊர்மக்கள் ஏரிக்கரைக்கு ஓடுகின்றனர். எதிர்நீச்சலிட்டு ஏறும் மீனைப் பிடிப்பது அவர்களுக்குத் திருவிழா. கலங்கல் பாய்ந்தால் ஏரி நிறைந்துவிட்டது, இனி வரும் நீரெல்லாம் கீழே உள்ள தாழ்நிலத்துக்குத்தான் என்பது அந்த மகிழ்ச்சிக்குள்ளேயே அடங்கிய எச்சரிக்கை. புறக்குடிக்கு மீனும் தெரிவதில்லை, எச்சரிக்கையும் தெரிவதில்லை.

இவ்விடத்தில் தமிழரே புறக்குடியாகப் போன ஒரு வரலாற்றை நினைவுகூர்வது பொருந்தும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து இலங்கை மலையகத்தின் காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் கங்காணி எனப்படும் ஆள்சேர்ப்பு மேற்பார்வையாளர்களால் அழைத்துச் செல்லப்பட்டவர்கள், அதுவரை அறியாத மலைக்குளிரையும் ஓயாத மழையையும் அங்கே சந்தித்தனர். தோட்டத்தில் அவர்களுக்குக் கம்பளி கொடுக்கப்பட்டது. அக்கம்பளியின் விலை அவர்கள் பெயரில் கடனாக எழுதப்பட்டது. புதிய நிலத்தின் பருவத்தைத் தாங்கும் செலவு வந்தவரின் தலையிலேயே விழுந்த அந்தக் கணக்கை மலையகத் தமிழர் தலைமுறைகளாக மறக்கவில்லை. வந்தவரைப் பருவத்திலிருந்து காப்பது அழைத்தவரின் கடமை என்று கோரும் உரிமை, அந்த வரலாற்றையுடைய தமிழருக்கு மற்றவரைவிட அதிகம். தம் மண்ணுக்கு வந்தவர்பால் அக்கடமையை நிறைவேற்றும் பொறுப்பும் அதனாலேயே அதிகம்.

அப்பொறுப்பு எவ்வளவு பெரிதென்பதை 2015 உணர்த்தியது. அவ்வாண்டு நவம்பரில் சென்னையில் பெய்த மழை 100 சென்டிமீட்டரைத் தாண்டியது. 1918க்குப் பிறகு அத்தகைய நவம்பர் இருந்ததில்லை. ஏரிகள் நிறைந்து, மண் இனி ஒரு துளியும் உறிஞ்ச முடியாத நிலையில் இருந்தபோது, டிசம்பர் 1 காலை முதல் மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் பெய்தன. 24 அடி ஆழமும் 364.5 கோடி கன அடிக் கொள்ளளவும் உடைய செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டது. அடையாற்றின் மேற்பகுதியிலேயே முடிச்சூர், வரதராஜபுரம் ஆகிய இடங்கள் மூழ்கின. சங்கிலியின் மேற்கண்ணிகளான சிற்றேரிகளின் நீரும் அங்கேதான் வந்து சேர்ந்தது. இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் கார், லாரி, மோட்டார் சைக்கிள் ஆலைகள் உற்பத்தியை நிறுத்தின, ரயில்கள் ரத்தாயின, விமான நிலையம் பல நாட்கள் மூடப்பட்டது. ஆகவே ஊருக்குத் திரும்பலாம் என்று எண்ணிய வெளிமாநிலத் தொழிலாளருக்கும் வழி அடைபட்டது. நீரைத் திறந்துவிட்ட முறையை 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை கடுமையாகக் குறை கூறியது. அந்த விவாதம் மதகின் கதவைச் சுற்றியே நடந்தது. மதகுக்கு மேலேயுள்ள வரத்துக்கால்களும் தாங்கல்களும் சாலைக்கும் மனைக்கும் கிடங்குக்கும் அடியில் மறைந்தது போதிய அளவு பேசப்படவில்லை. எட்டு ஆண்டுகள் கழித்து, 2023 டிசம்பர் 3, 4 நாட்களில் மிக்ஜாம் புயல் கரையோரமாக நகர்ந்தபோதும் ஆலைகள் மீண்டும் நின்றன.

மழை ஓய்ந்த பிறகே, இவ்வட்டாரத்தில் குளிர் என்று சொல்லத்தக்க பொழுது வருகிறது; அது மென்மையானது. சென்னையில் நுங்கம்பாக்கத்து வானிலைப் பதிவுகளின்படி இதுவரை காணப்பட்ட மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி செல்சியஸ். 1895 டிசம்பரிலும் 1905 ஜனவரியிலும் அது பதிவானது. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்னும் பழமொழியைக் கேட்டு வடநாட்டவர் வியக்கக்கூடும். எனினும் பனி என்ற தமிழ்ச் சொல் இங்கே உறைபனியையோ வெண்பனியையோ குறிப்பதில்லை. விடியலில் புல்லின்மேல் நீராய் நிற்பதையும், ஏரிப்பரப்பின்மேல் புகைபோல் எழுவதையும் குறிக்கிறது. மார்கழியில் அந்தப் புகை நெடுஞ்சாலையை மூடும்போது இருசக்கர வாகனத்தில் இரவு ஷிப்டு முடித்துத் திரும்புகிறவருக்கு அது உயிருக்கே ஆபத்து. போகியன்று பழையன எரிக்கும் புகையும் அதோடு சேர்ந்துகொண்டால் நிலைமை மேலும் மோசமாகும். 2018 போகி நாளில் சென்னை விமான நிலையத்தில் விமானங்களே தரையிறங்க முடியாமல் போயின. தமிழகத் தொழிலாளர் உண்மையான குளிரை உணர்வது பெரும்பாலும் ஆலைக்குள்தான். மின்னணுப் பொருள்கள் கோக்கும் கூடங்களிலும் காருக்கு வண்ணம் பூசும் அரங்குகளிலும் வெப்பமும் ஈரப்பதமும் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் வைக்கப்படுகின்றன. சித்திரை வெயிலிலும் உள்ளே ஸ்வெட்டர் அணிந்து வேலை செய்யும் திருவண்ணாமலைப் பெண்ணுக்கு, முதல் குளிர்காலம் வெளியே இருப்பதில்லை.

தங்குமிடங்கள் மெல்ல மாறிவருகின்றன. வல்லம் வடகால் தொழிற்பூங்காவில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் அளவுக்கு 706.50 கோடி ரூபாய் செலவில் சிப்காட் கட்டிய குடியிருப்பு 2024 ஆகஸ்டு 17 அன்று திறக்கப்பட்டது. அது வரவேற்கத்தக்க தொடக்கம். ஆனால் வாடகை அறைகளிலும் தகரக் கூரைகளின் கீழும் வாழ்கிறவர்கள் இன்னும் மிகப் பலர். உத்திரமேரூர் வாரியம் சொந்த மனை உள்ளவரையே ஏரிக்குப் பொறுப்பாக்கியது. இன்று இவ்வட்டாரத்தில் ஏரியின் வழியில் வாழ்கிறவரில் பெரும்பகுதியினருக்கு இங்கே மனை இல்லை. எனவே ஒவ்வொரு தொழிலாளர் விடுதியின் வாயிலிலும், வரிசை அறைகள் உள்ள ஒவ்வொரு தெருமுனையிலும், மேலே உள்ள ஏரியின் பெயர், அதன் கலங்கல் பாயும் திசை, அருகிலுள்ள மேட்டுநிலம், மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077, மாநில எண் 1070 ஆகியவற்றைத் தமிழோடு இந்தி, ஒடியா, வங்காளி, அசாமிய மொழிகளிலும் எழுதிய பலகை ஒன்று இருக்க வேண்டும். ஊராட்சிகளும் ஆலை நிர்வாகங்களும் அதை ஆண்டுதோறும் ஐப்பசி பிறப்பதற்கு முன்பே செய்து முடிக்க வேண்டும்.